லயத்திலிருந்து தாமானுக்கு வந்த நான்கு ரோஜாச் செடிகள்: 112 நாள் பதிவு

செடிகள் நான்கு. ஒன்று, குச்சி ஊன்றி வளர்த்த பன்னீர் ரோஜா. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் இடுப்பளவுப் புதராக நின்றது. இரண்டும் மூன்றும் கேமரன் மலையிலிருந்து வந்த ஒட்டுச் செடிகள், ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். நான்காவது பட்டன் ரோஸ், பழைய பெயின்ட் வாளியில் இருந்தது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தாமான் (குடியிருப்பு மனை) வீட்டுக்கு ஜூலை 1 மாலை மாற்றியது. கீழே உள்ளது அக்டோபர் 21 வரையிலான கணக்கு.

இடம் மாற்றிய ரோஜா பூக்கவில்லை என்ற புலம்பல் பெரும்பாலும் ஐந்தாவது வாரத்திலேயே வந்துவிடும். ஐந்தாவது வாரத்தில் அது பூக்கவே கூடாது. பூத்தால்தான் கவலைப்பட வேண்டும். நம் வெயிலில் ஒட்டு ரோஜா ஒன்று தோண்டி நட்ட நாளிலிருந்து ஒழுங்கான பூவுக்கு வர மூன்று மாதம், மூன்றரை மாதம் பிடிக்கும். அதற்குள் பொறுமை இழந்து உரத்தைக் கொட்டுவதுதான் பாதிச் செடிகளுக்கு எமன். ஆனால் சும்மா காத்திருப்பதும் தப்பு, ஏனென்றால் சில செடிகள் எத்தனை மாதம் போனாலும் பூக்காது. காத்திருக்க வேண்டிய செடி எது, கை வைக்க வேண்டிய செடி எது என்பதைத் தளிரே காட்டிக்கொடுக்கும். அது எங்கிருந்து கிளம்புகிறது, நுனி எப்படி முடிகிறது, இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

14 நாள் முன்பு: வேர் அறுப்பு, குழி

குளிர் நாட்டுப் புத்தகங்கள் இலையுதிர்ந்து செடி உறங்கும் காலத்தில் மாற்றச் சொல்லும். இங்கே ரோஜாவுக்கு உறக்கம் கிடையாது. வருடம் முழுக்கத் தளிர்விட்டுக்கொண்டே இருக்கிற செடியைப் பிடுங்குகிறோம், ஆகவே உறக்கத்துக்குப் பதிலாக முன்வேலை செய்ய வேண்டும்.

தண்டிலிருந்து 13 செ.மீ. தள்ளி, கூர் தீட்டிய மண்வாரியை நேர் செங்குத்தாக 25 செ.மீ. இறக்கி, வட்டத்தில் பாதியை மட்டும் அறுத்தது. மறுபாதி ஒரு வாரம் கழித்து. அறுபட்ட முனைகளில், பெயர்த்தெடுக்கப்போகும் மண் கட்டிக்குள்ளேயே, புது நூல் வேர்கள் விடும். தண்ணீரை உறிஞ்சுவது இந்த மயிரிழை வேர்கள்தான். தடித்த வேர் செடியைப் பிடித்து நிறுத்தும், சேமித்து வைக்கும், அவ்வளவே. முன்வேலை இல்லாமல் ஒரே நாளில் தோண்டினால் நூல் வேர் அநேகமாக எல்லாமே பழைய இடத்தில் தங்கிவிடும்.

அதே நாளில் தாமான் வீட்டில் குழி. 45 செ.மீ. சதுரம், 40 செ.மீ. ஆழம். தாமான் மனைகளில் மேலே இருப்பது மண்ணே அல்ல, லாரியில் கொட்டி உருட்டி இறுக்கிய செம்மண். 10 லிட்டர் வாளியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினால் இந்தக் குழியில் சுமார் 10 செ.மீ. நிற்கும். நான்கு மணி நேரத்தில் அது வற்றிவிட வேண்டும். மூன்று குழிகளில் வற்றியது. மஞ்சளுக்குத் தோண்டிய குழியில் மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றதால் அங்கே செங்கல் அடுக்கி 25 செ.மீ. மேடு கட்டியது.

அமிலச் சோதனையில் (pH) செம்மண் 5 காட்டியது. ரோஜாவுக்கு 6 முதல் 6.5 வேண்டும். குழிக்கு 100 கிராம் டோலமைட் சுண்ணாம்பை மண்ணோடு கலந்து, நனைத்து, இரண்டு வாரம் ஆறவிட்டது. சிவப்புக்கு முதலில் குறித்த இடம் வேலிச் சுவரிலிருந்து ஒரு சாண். அங்கே மட்டும் சோதனை 7.5-க்கு மேல் போனது. சுவர் பூசும்போது விழுந்த சிமென்ட் சாந்து மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது. குழியைச் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளிப்போட்டது.

தோட்டத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செம்பனை (எண்ணெய்ப் பனை) கன்று நடும்போது குழியில் ராக் பாஸ்பேட் (மணிச்சத்துப் பாறைத்தூள்) போடுவார்கள், அதே கையோடு ரோஜாக் குழியிலும் போடுவார்கள். கெடுதல் இல்லை. ஆனால் ராக் பாஸ்பேட் கரைய மண்ணில் புளிப்பு வேண்டும், டோலமைட் அந்தப் புளிப்பைத்தான் எடுக்கிறது. இரண்டையும் ஒரே குழியில் போடுவது காசுக்குக் கேடு. இங்கே டோலமைட் மட்டும்.

நாள் 0

முந்தின இரவே தண்ணீர் காட்டி வைத்தது, ஈரமண் உதிராது. மாலை ஐந்து மணிக்கு மேல் கவாத்து: ஒட்டுச் செடிகளில் தடித்த நல்ல கொப்பு நான்கை மட்டும் விட்டு 35 செ.மீ. உயரத்தில் வெட்டியது. மொட்டு, பூ, காய் எல்லாம் போனது. மிச்ச இலையிலும் பாதியைக் கிள்ளியது. பார்ப்பதற்குப் பரிதாபமாகத்தான் இருக்கும். வேர் பாதி போன பிறகு இலை முழுசாக இருந்தால் உறிஞ்சுவதைவிட ஆவியாவது அதிகம், இரண்டே நாளில் சுருண்டுவிடும்.

தண்டிலிருந்து 15 செ.மீ. தள்ளித் தோண்டி, 25 செ.மீ. ஆழத்தில் அடியை அறுத்து, கோணிச் சாக்கில் கட்டித் தூக்கியது. 30 செ.மீ. அகலக் கட்டி ஏறக்குறைய 18 லிட்டர் மண். ஈரத்தோடு 30 கிலோ வரும். ஒரு ஆள் தண்டைப் பிடித்துத் தூக்கினால் கட்டி பிளக்கும். இரண்டு பேர், சாக்கின் நான்கு முனை.

நிரப்பும் கலவை: தோண்டிய மண் இரண்டு பங்கு, மட்கிய மாட்டுச் சாணம் ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. உரம் எதுவும் இல்லை. கோழி எரு அறவே இல்லை. ஒட்டு முடிச்சு (ஒட்டுக் கட்டிய இடம்) மண்ணுக்கு மேல் மூன்று விரல் தெரிய நட்டது. குளிர் நாட்டில் பனிக்குப் பயந்து முடிச்சைப் புதைப்பார்கள். இங்கே புதைத்தால் ஈரத்தில் அழுகும். காலால் மிதிக்காமல், தண்ணீர் ஊற்றி ஊற்றியே மண்ணை அமர்த்த வேண்டும். செடிக்கு 10 லிட்டர் ஆனது. பட்டன் ரோஸ் வாளியோடு வந்ததால் வேருக்குச் சேதமில்லை. வாளியின் அடியில் எட்டுத் துளை போட்டு, இரண்டு செங்கல் மேல் வைத்ததோடு சரி. சிமென்ட் தரையில் நேராக வைத்தால் மத்தியானச் சூட்டில் வேர் வேகும்.

நாள் 1 முதல் 32 வரை

பத்து நாள் 50 விழுக்காடு நிழல் வலை. தினமும் காலையில் செடிக்கு 4 லிட்டர் தண்ணீர். பிறகு வலையை எடுத்துவிட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 5 லிட்டர். ஆறாம் நாளிலிருந்து அடியிலை மஞ்சளாகி உதிர்ந்தது. பயப்பட வேண்டியதில்லை. நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை இருக்கிறதா என்பதுதான் முக்கியம். நான்கிலும் இருந்தது.

16-ஆம் நாள் கணுக்களில் சிவப்புத் தளிர் முளைகட்டியது. இந்தக் கட்டத்தில் தளிரைப் பார்த்ததும் உரம் வைக்கத் தோன்றும். தளிர் வந்தது பழைய கொப்பில் சேமித்திருந்த உணவில். வேர் இன்னும் கட்டியை விட்டு வெளியே வந்திருக்காது. அரைகுறை வேரைச் சுற்றி உப்பு ஏறினால் அது தண்ணீரை இழுக்க முடியாமல் தீயும்.

நாள் 33: முதல் மொட்டைக் கிள்ளுதல்

சிவப்பில் ஐந்து மொட்டு, மஞ்சளில் இரண்டு. பட்டாணி அளவு இருக்கும்போதே கிள்ளியது. எப்படிக் கிள்ளுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மொட்டை மட்டும், அதற்குக் கீழே உள்ள முதல் இலைக்கு மேலாக, கட்டைவிரல் நகத்தால். பூவை வெட்டுவதுபோல் ஒரு சாண் காம்போடு வெட்டினால் நான்கைந்து நல்ல இலை போய்விடும். அந்த இலைகள் செய்கிற உணவுதான் கீழே வேருக்கு இறங்க வேண்டியது.

கிள்ளாமல் விட்ட செடிகளைத் தாமானில் நிறையப் பார்க்கலாம். ஐந்தாம் வாரத்தில் வெளுத்த சின்னப் பூ ஒன்று வரும், படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்புவார்கள், அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் ஒன்றும் வராது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பூவோடு வாங்கிய செடியின் கதையும் இதுதான். அந்தப் பூ கேமரன் மலையில் உருவானது. அங்குள்ள தானா ராத்தா ஊரில் பகல் 22 பாகை செல்சியஸ், இரவு 15 பாகையை ஒட்டி இருக்கும். இங்கே பகல் 33, இரவு 23, 24. சூட்டில் மொட்டு அவசரமாக முற்றிவிடும், இதழ் குறையும், பூ சிறுக்கும். கீழே இறங்கிய செடி மலையில் கொடுத்த அளவு பூவை இங்கே கொடுக்காது. அதை நோய் என்று எண்ணி மருந்து அடிப்பது வீண்.

நாள் 45: முதல் உரம்

12:12:17:2 கலப்பு உரம் (தழை, மணி, சாம்பல், மக்னீசியச் சத்துகளின் விழுக்காடு), செடிக்கு ஒரு தட்டைத் தேக்கரண்டி, சுமார் 5 கிராம். தண்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி வட்டமாகத் தூவி, முன்னும் பின்னும் தண்ணீர். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இதே அளவு. மூன்று மாதம் தாண்டிய பிறகு மாதம் 15 கிராம். பொட்டாஷ் தேவை என்று தோட்டத்து சிவப்பு பொட்டாஷைத் தனியாகப் போடாதீர்கள். அதில் குளோரைடு சேர்ந்தே வரும். செம்பனைக்கு அது ஆகும், ரோஜா இலையின் ஓரம் கருகும்.

நாள் 52: சிவப்பில் காட்டுக் கிளை

நான்கு செடியிலும் பார்க்க ஆரோக்கியமாக நின்றது சிவப்புதான். அடியிலிருந்து நேராக ஒரு கிளை, 12 நாளில் 60 செ.மீ. வளர்ந்திருந்தது. வெளிறிய பச்சை, பொடி முள், ஒரு காம்பில் ஏழு சிற்றிலை. பூங்கொப்புகளில் ஐந்து சிற்றிலை, கரும்பச்சை, தளிர் சிவப்பு. ஏழு என்றால் காட்டுக் கிளை என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டுபவர்கள் உண்டு. தவறு, சில நல்ல ரகங்களிலும் ஏழு வரும். இலையை எண்ணுவது சந்தேகப்பட மட்டும். தீர்ப்பு சொல்வது கிளை கிளம்பும் இடம்.

மண்ணை விரலால் விலக்கிக்கொண்டே கீழே போனால் தெரிந்தது. ஒட்டு முடிச்சு ஒரு கைப்பிடி தடிப்பில் கரடுமுரடாக இருக்கிறது, அதற்கு நான்கு விரல் கீழே, வேர்த் தண்டின் பக்கவாட்டிலிருந்து கிளை புறப்படுகிறது. இது அடிச்செடியின் (ஒட்டுக்குக் கீழே வேராக நிற்கும் செடியின்) பிள்ளை. ஒட்டுக் கட்டியபோது துண்டித்த காட்டு ரோஜா, தோண்டும்போது வேரில் பட்ட காயத்தால் கிளம்பிவிட்டது. விட்டால் வேர் இழுப்பதையெல்லாம் இதுவே வாங்கிக்கொள்ளும். மேலே உள்ள சிவப்பு நலிந்து, ஒரு வருடத்தில் செடி முழுக்கக் காடாகிவிடும். ‘பச்சைப்பசேல் என்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை’ என்கிற செடிகளில் முதலில் சோதிக்க வேண்டியது இது.

கத்தரியால் வெட்டக் கூடாது. வெட்டினால் அடியில் தங்கும் கணுக்களிலிருந்து ஒன்றுக்கு மூன்றாக வரும். கனத்த கையுறை போட்டு, கிளையின் அடியைப் பிடித்து, கீழ்நோக்கி ஒரே இழுப்பில் கிழித்தெடுத்தது. அடியில் குதிகால்போல் ஒரு துண்டுப் பட்டையும் சேர்ந்து வந்தால் வேலை முடிந்தது. காயத்தை அரை நாள் காற்றாட விட்டு மண் மூடியது. முடிச்சுக்கு மேலிருந்து கிளம்பும் தடித்த செந்தளிர் வேறு. அது செடியின் வருங்காலக் கொப்பு, அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

நாள் 58: பன்னீர் ரோஜாவுக்கு யார் என்ன போட்டது

இலை உள்ளங்கை அகலம், கரும்பச்சை, தொங்கல். தளிர் நீளமாக, நீர்ச்சத்தோடு, கிள்ளினால் வெள்ளரிபோல் ஒடிகிறது. மொட்டே இல்லை, சில இலை ஓரம் பழுப்பு. விசாரித்ததில், பக்கத்து வீட்டு ஆயா இரக்கப்பட்டு மூன்றாம் வாரமே 15:15:15 இரண்டு கைப்பிடியும், அரை வாளிப் பச்சைக் கோழி எருவும் போட்டிருக்கிறார். இரண்டு கைப்பிடி 120 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் தழைச்சத்து மட்டும் 18 கிராம். வேர் நன்றாகப் பிடித்த செடிக்கே மாதத்துக்கு 15 கிராம் கலப்பு உரத்தில் போவது 1.8 கிராம்தான். பத்து மடங்கு, கோழி எரு தனி.

மேல்மண் 5 செ.மீ. சுரண்டி எடுத்தது. 20 லிட்டர் தண்ணீர் மெதுவாக விட்டு, ஒரு நாள் இடைவெளியில் இன்னொரு 20. பிறகு மட்காத மரத்தூள் அரை வாளியை மேல்மண்ணில் கிளறிவிட்டது. மரத்தூள் மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தனக்கு இழுத்துக்கொள்ளும். புதுக் குழியில் இதையே செய்தால் செடி பட்டினி கிடக்கும், இங்கே அந்தக் கெடுதல்தான் மருந்து. ஆறு வாரம் உரம் கிடையாது.

நீண்டுபோன கொப்புகளை வெட்டாமல், வளைத்து, தரையில் அடித்த முளைகளில் கயிறு கட்டிக் கிடைமட்டமாக வைத்தது. நிமிர்ந்த கொப்பில் நுனி மட்டும்தான் ஓடும். படுத்த கொப்பில் ஒவ்வொரு கணுவும் பக்கத் தளிர் விடும், பன்னீர் ரோஜா பூப்பது அந்தப் பக்கத் தளிர்களில்.

நாள் 70: கவாத்து

செப்டம்பர் 9. ஒட்டுச் செடி இரண்டிலும் ஒவ்வொரு கொப்பையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்கு அரை செ.மீ. மேலே, சாய்வாக. பென்சிலைவிட மெல்லிய குச்சி எல்லாம் அடியோடு போனது, மெல்லிய குச்சியில் பூ தங்காது. நம் சூட்டில் கவாத்துக்கும் பூவுக்கும் இடையே 40 முதல் 45 நாள். தீபாவளிச் சாமி படத்துக்கு வீட்டுப் பூ வேண்டும் என்பவர்கள் ஆறரை வாரம் பின்னோக்கி எண்ணிக் கத்தரி எடுக்கலாம்.

நாள் 84: பட்டன் ரோஸ்

இது 50-ஆம் நாளே பூத்துவிட்டது, எதிர்பார்த்ததுதான். ஆனால் அடுத்த சுற்றில் மொட்டுகள் ஓரம் பழுத்து, மலராமல் அப்படியே காய்ந்தன. ஒரு மொட்டை வெள்ளைத் தாளின்மேல் தட்டினால் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் மஞ்சள் கோடுகள் ஓடுகின்றன. இலைப்பேன். பழுத்த மொட்டுகளைப் பறித்துப் பையில் கட்டிக் குப்பையில் போட்டது. செடியடியில் போட்டால் திரும்ப ஏறும். லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, பாத்திரச் சோப்பு 2 மில்லி, மாலையில், ஐந்து நாளுக்கு ஒரு முறை, நான்கு முறை. மூன்றாம் முறைக்குப் பிறகு மொட்டு சுத்தமாக விரிந்தது.

நாள் 95 முதல் 112 வரை

அக்டோபர் மழை தொடங்கியதும் இலையில் கரும்புள்ளி நோய் வந்தது. இலை ஏழு மணி நேரம்போல் ஈரமாகவே இருந்தால் பூஞ்சை முளைத்துவிடும். இலையில் படாமல் காலையில் அடியில் மட்டும் தண்ணீர், புள்ளி விழுந்த இலையைப் பொறுக்குதல், தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை இலையே இல்லாமல் வைத்தல். அவ்வளவில் நின்றது.

சிவப்பு 111-ஆம் நாள் பூத்தது, ஏழு பூ. மலையில் இருந்த அகலம் இல்லை, நிறம் அதேதான். காட்டுக் கிளை ஒன்று திரும்பவும் தலைகாட்டியது. இரண்டு விரல் நீளத்திலேயே கிழித்தாகிவிட்டது. பன்னீர் ரோஜாவில் வளைத்துக் கட்டிய கொப்பில் 11 பக்கத் தளிர், நான்கில் மொட்டு.

மஞ்சள் இன்னும் பூக்கவில்லை. தளிர் வருகிறது, முடிச்சுக்கு மேலிருந்துதான் வருகிறது, ஆனால் நுனியில் மொட்டுக்குப் பதில் காய்ந்த உமிபோல் ஒரு துணுக்கு. குருட்டுத் தளிர். காரணம் பெரும்பாலும் வெளிச்சம். காலை எட்டு மணியிலிருந்து மணிக்கு ஒரு தடவை செடியருகே குச்சி நட்டு நிழல் பார்த்ததில், பதினொன்றரைக்குப் பக்கத்து வீட்டு மாமரம் மறைத்துவிடுகிறது. மொத்தம் மூன்றரை மணி நேர வெயில், வேண்டியது ஆறு. மேடு கட்டும்போது தண்ணீரைச் சோதித்தவர்கள் வெயிலைச் சோதிக்காமல் விட்டது பிசகு. 112-ஆம் நாள் மரக்காரரைக் கேட்டு, பாராங் (வெட்டுக் கத்தி) போட்டு இரண்டு கிளை இறக்கியது. குருட்டுத் தளிர்களை, ஐந்து சிற்றிலை உள்ள முதல் நல்ல இலைவரை வெட்டியாயிற்று. மஞ்சளுக்கு 45 நாள் கணக்கு அன்றிலிருந்து தொடங்குகிறது.